வாட்ஸாப்பில் போட்டேனே என்று சொல்லிவிட்டேன் – உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கோத்தகிரி இளையவன்

இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் சபையின் வாட்ஸாப் குழுவுக்கு நான்தான் அட்மின். வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் யார் வீட்டில் என்பதை முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பார்கள். இடையில் இடம் மாறினால் ஆலய ஊழியரான கோயில்பிள்ளை தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, லைன் லைனாக நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார். 2020 ஊரடங்கில் குழு தொடங்கியதோடு அந்த நடை நின்றது. நான் ஒரு வரி போட்டால் போதும், நாற்பது கைகூப்பும் படங்கள் வந்து விழும்.

அன்று மாலை நான்கு மணிக்கு, கூட்டம் நடக்கவேண்டிய வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், குன்னூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். இடத்தை மாற்றிக் குழுவில் போட்டேன். டிசம்பர் மாதம். கூட்டம் முடிந்து பைக்கில் திரும்பும்போது மணி எட்டே முக்கால். பூட்டிய அந்த வீட்டுப் படியில் யாரோ உட்கார்ந்திருப்பது முன்விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. எங்கள் சபையின் மூத்த அம்மாயி. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். பால் கவரில் சுற்றிய பாமாலைப் புத்தகம் மடியில், பக்கத்தில் ஒரு வர்க்கிப் பொட்டலம்.

“தோத்திரம் தம்பி. இன்றைக்குக் கூட்டம் இல்லையா?”

“இடம் மாறிவிட்டது அம்மாயி. வாட்ஸாப்பில் போட்டேனே.”

“எந்தப் பலகையில் போட்டாய்? நான் பார்க்கவில்லையே.”

பனியில் வர்க்கி நமுத்துப்போயிருந்தது. “பிள்ளைகளுக்குக் கொடு” என்று என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனார். பைக்கில் ஏறச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

மேல்மலைக் கேமரா

நான் கத்தோலிக்கன், கொடைக்கானல் மேல்மலை. ஆகஸ்டில் சலேத் மாதா தேர்பவனி என்றால் மலை முழுவதும் திரண்டுவிடும். எங்கள் கிளைக் கோயில் திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே வரமாட்டார்கள். பாதிப்பேர் திருப்பூர், மீதிப்பேர் வளைகுடா. அதனால் திருப்பலியை ஃபேஸ்புக்கில் நேரலையாக விடத் தொடங்கினோம். பங்குத்தந்தைக்கும் சந்தோஷம், அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் கூட்டங்களில்கூட அதைப் பற்றித்தான் பேச்சு.

மறையுரை நடந்துகொண்டிருந்தபோது குவைத்திலிருந்து ஒரு நர்ஸ் அக்கா எழுதினார்: “தம்பி, வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் அம்மா இருப்பார். ஒரு நிமிடம் கேமராவைத் திருப்பு.” திருப்பினேன். அம்மா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். உடனே மேலிருந்து கீழ்வரை சிரிப்புப் படங்கள். யாரோ “மறையுரை நன்றாக இருக்கிறது போல” என்று எழுதினார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் அந்த அக்கா ஒரே வரி போட்டார்: “அம்மா இவ்வளவு இளைத்துவிட்டாரா.”

பூசை முடிந்ததும் வாசலிலேயே யாரோ அதை அம்மாவிடம் காட்டிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறார், கேமரா எட்டாத இடத்தில்.

எமரால்டு ஆசிரியர் (ஓய்வு)

தம்பிகளா, ஊரில் நல்லது செய்த கருவியை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது. 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி நீலகிரியில் எங்கள் எமரால்டு பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். சாலை இல்லை, மின்சாரம் இல்லை. எங்கள் சபை வாலிபர் ஒருவர் மேட்டில் ஏறிச் சிக்னல் பிடித்து, பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தவர்களின் பெயர்களைக் குழுவில் அனுப்பினார். கடைசி வரி: “அரிசி உண்டு, போர்வை இல்லை.” அந்த நான்கு சொற்களை வைத்துத்தான் ஊட்டியிலிருந்த நம்மவர்கள் போர்வை சேர்த்தார்கள். இதை எந்தக் கோயில்பிள்ளை நடந்து சொல்லியிருக்க முடியும்?

குறை நடத்துகிற முறையில் இருக்கிறது. அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள், அரட்டைக்கு வேறு. அட்மின் ஒருவரே இருக்கக்கூடாது, ஒரு பெண் கட்டாயம் இருக்கவேண்டும். எழுத்தைவிடக் குரல் செய்தி மேல், கண் மங்கியவர்களும் கேட்பார்கள், நாற்பது விநாடியைத் தாண்டவேண்டாம். குழு இல்லாமல் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்டில் அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்கு அது போய்ச் சேராது. போதகர் மாற்றலாகிப் புது எண்ணிலிருந்து அனுப்பினால் பாதிச் சபைக்கு ஒன்றும் வராது, ஆனால் அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற அடையாளத்தோடு வரும் அற்புத சாட்சிகளை அப்படியே மற்றவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். காணிக்கைக்கான கியூஆர் படத்தைக் குழுவில் யாரும் போட விடாதீர்கள், ஆலயச் சுவரில் ஒட்டியதை மட்டும் பயன்படுத்துங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் போடவேண்டாம். காலை வணக்கப் பூப்படங்கள் ஏழைகளின் போனை அடைத்துவிடுகின்றன, இதை நான் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

கூடலூர் அக்கா

ஐயா, உங்கள் சட்டதிட்டங்கள் எல்லாம் எங்கள் குழுவிலும் இருந்தன. பெண் அட்மின் உட்பட. அந்தப் பெண் அட்மின் நான்தான்.

என் தங்கைக்கு இரண்டாவது முறையும் கரு தங்கவில்லை. பெண்கள் ஐக்கியக் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போட்டேன். பெயர் போடவில்லை, ‘என் தங்கை’ என்று மட்டும். எனக்கு இருப்பது ஒரே தங்கை. நான்காம் நாள் அவளோடு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். எங்கள் சபையே இல்லாத, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலைப்படாதே, உன் தங்கைக்காக எங்கள் சபையில் உபவாசம் இருக்கிறோம்” என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே கண்ணீர். பக்கத்தில் என் தங்கை மண்ணெண்ணெய் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மாமியாருக்குக்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை.

அந்த அம்மாவை நான் எப்படிக் கோபிப்பது? நல்ல மனதோடுதானே செய்தார். தங்கை கேனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிவிட்டாள்.

கோத்தகிரித் தம்பி, நீங்கள் அந்த அம்மாயியைப் போய்ப் பார்த்தீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

எமரால்டு ஆசிரியர் (ஓய்வு)

வருந்துகிறேன் அம்மா. ஆனால் ஜெபக்குறிப்பைக் குழுவில் எழுதாமல் போதகருக்கு மட்டும் தனியாக அனுப்பவேண்டும் என்பதும் நான் சொல்ல விட்டுப்போன விதிதான்.

மேல்மலைக் கேமரா

ஐயா, விடுங்கள்.

கோத்தகிரி இளையவன்

அக்கா, பார்க்கவில்லை. ஞாயிறுகளில் தோத்திரம் சொல்வேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட பிறகு நேற்றுத்தான் போனேன். கோயில்பிள்ளை முன்பு போன அதே குறுக்குவழி, தேயிலைக்குள் ஏறி இறங்கவேண்டும். பதினைந்து நிமிடத்துக்கே எனக்கு மூச்சு வாங்கியது. அவர் எழுபது வயதுவரை நடந்தார்.

கதவைத் திறந்ததும் அம்மாயி, “என்ன தம்பி, பலகையில் ஏதாவது போட்டிருக்கிறாயா?” என்றார். கேலியா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. வர்க்கி வாங்கிப்போயிருந்தேன். பல் இல்லாததால் டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டார், எனக்கும் ஒன்றை ஊறவைத்துக் கொடுத்தார்.

வருகிற வியாழன் கூட்டம் அவர் வீட்டில். குழுவில் இன்னும் போடவில்லை. இன்னும் ஆறு லைன் பாக்கி இருக்கிறது.