பொருள்: தெப்பன்யாகிக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் (நாளை மாலைக்குள்)

நா. எழுதியது:

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் கோபே நகருக்கு வரும் பயணிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உணவகங்களைப் பற்றிய இயல் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. அதில் பக்கத்துக்குப் பக்கம் வரும் 'தெப்பன்யாகி' என்ற ஜப்பானியச் சமையல் முறையின் பெயரில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

உண்ணச் சென்றிராதவர்களுக்காகச் சிறு விளக்கம். விருந்தினர் அமரும் நீண்ட மேசையிலேயே தடித்த இரும்புப் பலகை பதித்திருக்கும். அதன் அடியில் எரிவாயு எரியும். சமையற்காரர் எதிரே நின்று, முதலில் பூண்டுச் சீவல்களை எண்ணெயில் பொன்னிறமாக்கி ஒதுக்கிவைப்பார். பிறகு காய்கறி, இறால், மாட்டிறைச்சி என ஒவ்வொன்றாகச் சமைத்து, உண்குச்சியால் எடுக்கும் அளவுக்கு நறுக்கி நம் பக்கம் தள்ளுவார். கடைசியில் அதே பலகையில் பூண்டுச் சோறு புரட்டித் தருவார். இவ்வாறு மாட்டிறைச்சியைச் சமைத்துப் பரிமாறிய முதல் கடை தாங்களே என்று, 1945இல் கோபேயில் தொடங்கிய மிசோனோ உணவகத்தார் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே கோபேயைப் பற்றிய நூலில் இச்சொல்லை அடிக்குறிப்பில் தள்ளிவிட முடியாது.

'இரும்புத் தகட்டு வாட்டல்' என்று எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர் அதைப் படித்துவிட்டு, இது உணவகமா பட்டறையா என்று கேட்டிருக்கிறார். சமைக்கும் முறைக்கு ஒரு பெயர், அந்தப் பலகைக்கு ஒரு பெயர்: இந்த இரண்டு கிடைத்தால் போதும்.

ம. எழுதியது:

அன்புள்ள நா. அவர்களுக்கு,

பதிப்பாசிரியர் சொல்வது சரியே. வாழையிலையை வாட்டுகிறோம், வெற்றிலையை வாட்டுகிறோம். ஈரம் வற்றித் துவள்வதே வாட்டம். நீங்கள் வருணிக்கும் இறைச்சி வாடுவதில்லை. வறுத்தல் என்றால் கிளறல் வேண்டும். பொரித்தல் என்றால் எண்ணெய் மிக வேண்டும். மிஞ்சுவது சுடுதல் ஒன்றே. தெப்பன்யாகியின் பின்பாதியான 'யாகி'க்கு அடியான 'யாகு' என்னும் ஜப்பானிய வினை இறைச்சிக்கு மட்டும் உரியதன்று. ஆரிதா என்ற ஊரின் பீங்கானுக்கும் ஆரிதா யாகி என்றே பெயர். நாமும் தோசை சுடுகிறோம், பானை சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம். இத்தனை நெருக்கமாகப் பொருந்தும் வினையைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ தேட வேண்டியதில்லை.

'தகடு' என்பதும் பிழை. தகடு மெல்லியது, செப்பேட்டுக்கும் தாயத்துக்கும் உரியது. தோசை சுடும் கலம் இரும்பாலானது என்றாலும் அதைத் தோசைக்கல் என்றே சொல்கிறோம். எடைக்கல்லும் இரும்புதான். பொருள் மாறினாலும் பயன் மாறாதபோது பெயர் மாறுவதில்லை என்பது தமிழின் இயல்பு. எனவே முறைக்கு 'இரும்புக்கற்சுடல்' என்றும், பலகைக்கு 'இரும்புக்கல்' என்றும் முன்மொழிகிறேன்.

செ. எழுதியது:

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தயக்கத்தைச் சொல்கிறேன். உணவுப் பட்டியலில் 'சுடல்' என்று கண்டால் எங்களுக்குச் சுடலைதான் முதலில் நினைவுக்கு வரும். 'சூடு' என்று மாற்றினால் நெற்கதிர்க் குவியலான நெற்சூடும் கதிரடிக்கும் சூடடிப்பும் வந்து நிற்கும். வினையாகச் சுடுவது எல்லோருக்கும் விளங்கும். அதைப் பெயராக்கும்போதுதான் இடறுகிறது.

எங்கள் பக்கத்து வாசகருக்கு இவ்வுணவகத்தை விளக்க ஒரே வழிதான் உண்டு: கொத்துரொட்டி போடும் அகன்ற இரும்புக்கல்லைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டு, கொத்துகிற சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வாடிக்கையாளரின் கண்ணெதிரே சமைப்பதுதானே இதன் சிறப்பு? 'கண்முன் சமையல்' என்று வைத்தால் இரும்பும் வேண்டாம், கல்லும் வேண்டாம்.

வே. எழுதியது:

ஒசாகாவில் இருப்பதால் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

'கண்முன் சமையல்' உதவாது, செ. அண்ணா. சுஷிக் கடையிலும் எதிரே நின்றுதான் செய்து தருகிறார்கள். மறுபுறம், முட்டைக்கோசும் மாவும் கலந்த ஒகோனோமியாகியை விற்கும் எளிய கடைகளின் பெயர்ப்பலகையிலும் தெப்பன்யாகி என்று எழுதியிருப்பதுண்டு. அவற்றுள் சிலவற்றில் மாவுக் கலவையை உங்கள் முன் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்களே சுட்டுக்கொள்ள வேண்டும். எனவே பெயருக்கு அடிப்படை சமையற்காரர் அல்லர், இரும்புப் பலகைதான்.

ம. ஐயா சொன்ன 'கல்' பற்றியும் ஒரு தடை இருக்கிறது. இங்கே 'இஷியாகி' என்று தனியாக ஒன்று உண்டு. 'இஷி' என்றால் உண்மையான கல்லே. குளிர்காலத்தில் வண்டியில் விற்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சூடான கூழாங்கற்களில் சுட்டது. அதற்கு இஷியாகி இமோ என்று பெயர். அதை என்னவென்று பெயர்ப்பீர்கள்?

ஒலிபெயர்ப்பே போதும் என்பது என் கருத்து. ஆனால் 'தெப்பன்யாகி' அன்று, 'தெப்பன்யாக்கி' என்று எழுத வேண்டும். ஒற்றைக் ககரத்தைத் தமிழர் 'யாகம்' என்பதில் ஒலிப்பது போலவே ஒலிப்பர். ஆங்கில வழியாக வரும் 'டெ'யும் வேண்டாம். ஜப்பானியத் தகரம் பல்லில் பிறப்பது.

ம. எழுதியது:

வே. தம்பி, ஒலிபெயர்ப்பை ஏற்றால் பிறகு கலைச்சொல் எதற்கு, குழுமம் எதற்கு?

ஆயினும் இலக்கணத் தடை இல்லை என்பதைப் பதிந்துவிடுகிறேன். னகர ஒற்றின் முன் யகரம் வருவதைத் தொல்காப்பிய நூன்மரபு ஏற்கிறது.

நீங்கள் எடுத்துக்காட்டாகக் காட்டிய 'யாகம்' என்னை விடவில்லை. யாகமும் தீ வழிப்பட்டது, யாகியும் தீ வழிப்பட்டது. பௌத்தத் துறவியர் வழியே ஓமம் ஜப்பானுக்குப் போய் 'கோமா' என வழங்குவதை அறிவோம். அதே கப்பலில் யாகமும் ஏன் போயிருக்கக் கூடாது?

வே. எழுதியது:

போயிருக்க முடியாது, ஐயா. கோமா சீன எழுத்துகளின் சீன ஒலிப்பில் வழங்கும் இரவல் சொல். 'யாகு' அப்படியன்று, அதை எழுதும் சீன எழுத்தின் சீனவழி ஒலிப்பு 'ஷோ', 'யாகு' என்பது ஜப்பானியரின் சொந்த ஒலிப்பு. ஜப்பானிய வினைகளுக்குரிய எல்லா விகுதிகளையும் அது ஏற்கிறது. இரவலாக வந்த பெயர்ச்சொல் பொதுவாக அவ்வாறு நடக்காது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி வேறு. இரும்புப் பலகையைக் குறிக்கும் 'தெப்பன்' சீனவழி ஒலிப்பில் வழங்குவது. 'யாகி' சொந்தச் சொல். பாதி இரவலும் பாதி சொந்தமுமாகச் சேர்ந்த பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் நன்றாகத்தான் விருந்து வைக்கிறார்கள்.

தி. எழுதியது:

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள தமிழர்கள் இதை 'ஹிபாச்சி' என்றே அறிவார்கள். 1964இல் ஹிரோஆகி ஆஒகி நியூயார்க்கில் திறந்த பெனிஹானாவுக்குப் பிறகு, வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலையாக்குவதும் இறாலை வாய்க்குள் எறிவதும் இங்கே உணவின் பகுதியாகிவிட்டன. ஆனால் ஜப்பானில் ஹிபாச்சி என்பது அறையில் குளிர்காயும் கரிக்கணப்பு. நா. அக்காவின் சொல்லடைவில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. கோபேயில் எரிமலையை எதிர்பார்த்துப் போகும் வாசகர், அமைதியாகத் தலை குனிந்து இறைச்சியைத் திருப்பும் ஒருவரைப் பார்த்து ஏமாந்துபோவார்.

சொல்லைவிட முதன்மையான குறிப்பு ஒன்றையும் விட்டுவிட வேண்டாம். சைவ உணவினர் காய்கறியும் பூண்டுச் சோறும் மட்டும் கேட்டாலும், அவை மாட்டிறைச்சி சுட்ட அதே பலகையில்தான் பெரும்பாலும் வரும். பெயர் எதுவாக இருந்தாலும் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பலகைக்கு 'சுடுகல்' என்று வைக்கலாமே? சுருக்கமாக இருக்கிறது, சுடலையும் எட்டிப் பார்க்காது.

ம. எழுதியது:

'சுடுகல்' வினைத்தொகை. முக்காலத்தையும் ஏற்கும். சுடும் கல் என்று கொண்டால் உங்கள் பலகை. சுட்ட கல் என்று கொண்டால் செங்கல். எதைக் கொள்வது என்று உணவகத்தில் அமர்ந்து ஆராய முடியாது.

மேலும், இறைச்சியைச் சுடுவதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்கிறது பொருநராற்றுப்படை. அடுத்த அடியில், சூடு தாங்காமல் இறைச்சியை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒற்றி உண்கிறான் பொருநன். கரிகாலன் கொடுத்த விருந்து அது. அங்கே வினை 'சுடு'தான். ஆகவே இங்கும் 'சுடு'தான் இருக்க வேண்டும்.

செ. எழுதியது:

ஐயா, அந்தக் 'காழ்' இரும்புக் கம்பியல்லவா? கம்பியில் கோத்துச் சுட்டால் அது, கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுடும் யாகிதோரிக்குத்தான் சான்றாகும். கரிகாலன் பலகையில் சுட்டுத் தந்ததாகப் பாட்டில் இல்லையே. 'சுடு' என்ற வினையை நான் மறுக்கவில்லை; 'இரும்புக்கற்சுடல்' என்ற தொகையை ஒரு பசித்த மனிதன் கடை வாசலில் நின்று வாசிப்பானா என்றுதான் கேட்கிறேன்.

நா. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பதிப்பாசிரியர் இருமுறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். இதற்கு மேல் காத்திருக்க இயலாததால், கையேட்டில் என்ன செய்திருக்கிறேன் என்பதைத் தெரிவிக்கிறேன்.

முறைக்குத் 'தெப்பன்யாக்கி' என்றே எழுதுகிறேன், வே., தி., செ. மூவரும், சலிப்போடு என்றாலும், இதற்கு உடன்பட்டிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். முதன்முறை வரும் இடத்தில் 'விருந்தினர் மேசையில் பதித்த இரும்புக்கல்லில் சுட்டுத் தரும் உணவு' என்று விரித்திருக்கிறேன். ம. ஐயா தந்த வினையும் பெயரும் அந்த ஒரு தொடரில் இருக்கின்றன. அதன் பிறகு வரும் இடங்களிலெல்லாம் பலகை 'இரும்புக்கல்'தான். 'சுடுகல்' அழகாக இருந்தாலும், செங்கல் என்ற ஐயம் எழுந்தபின் எழுத மனம் வரவில்லை. இஷியாகி இந்த இயலில் வரவில்லை என்பதால் அந்தச் சண்டையைத் தள்ளிவைக்கிறேன். ஹிபாச்சி பற்றிய எச்சரிக்கையும் சைவ உணவினருக்கான குறிப்பும் முதல் பத்தியிலேயே உள்ளன.

ம. எழுதியது:

கால நெருக்கடி புரிகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் விளக்கத்தில் தமிழும் தலைப்பில் ஜப்பானியமும் என்ற ஏற்பாட்டை நான் ஏற்றதாகக் குழும ஆவணத்தில் பதிய வேண்டாம். விரித்து எழுதினால் எல்லோருக்கும் விளங்கும் ஒன்று, தொகுத்து எழுதினால் மட்டும் ஏன் விளங்காது என்பதற்கு இங்கு யாரும் விடை சொல்லவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது 'இரும்புக்கற்சுடல்' மீண்டும் விவாதத்துக்கு வரும். இஷியாகிக்குக் 'கூழாங்கற்சுடல்' என்று இன்றே எழுதி வைத்துவிட்டேன்.