லவீ ஆஸ்டின் பியானோ: எந்த மறுவெளியீடு நல்லது?

நண்பர்களே, ஒரு உதவி. 1923 டிசம்பரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னி பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக முதன்முதலாகப் பாடியபோது பியானோ வாசித்த லவீ ஆஸ்டினின் பதிவுகளைத் தேடுகிறேன். வாயில் சிகரெட், இடது கை வாசிக்க வலது கை மேடையில் அடுத்து வரும் நிகழ்ச்சிக்கு இசைக்குறிப்பு எழுதும் என்று ஜாஸ் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் நினைவுகூர்ந்த அதே அம்மாதான்.

என்னிடமுள்ள சிடியில் இரைச்சலைச் சுரண்டிய வேகத்தில் பியானோவும் போய்விட்டது. கூட வாசித்த டாமி லேட்னியரின் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) மட்டும் கணீரென்று கேட்கிறது. தேய்ந்துபோன பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தது, சரி. கரகரப்பு இருந்தால் இருக்கட்டும், எனக்கு அந்த இடது கை கேட்க வேண்டும். 1961இல் பாடகி ஆல்பெர்ட்டா ஹன்டருடன் வாசித்தது தெளிவுதான், ஆனால் நான் தேடுவது 1920களின் வாசிப்பை.

வேகமும் சுருதியும் பிசகாத பதிப்பு எது? வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்.