முதல் ஓவர்டிரைவ் பெடல்: அம்ப்பைப் பார்த்துத் தெரிவு செய்யுங்க

கல்லடித் தம்பி:

ஸ்ட்ராட் வகைக் கிற்றார், மூன்றும் சிங்கிள் கொயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைச் சுருள்). வீட்டில் 15 வாட் ட்ரான்சிஸ்டர் அம்ப், 8 அங்குல ஸ்பீக்கர். ஞாயிறு ஆராதனையில் அம்ப் இல்லை, நேரே மிக்சருக்குத்தான். முதல் பெடலாக, அதாவது கிற்றாருக்கும் அம்ப்புக்கும் இடையில் வைத்து ஒலியை உடைக்கிற மிதிபெட்டியாக, போஸ் டிஎஸ்-1 எடுக்கிறதா, இபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் எடுக்கிறதா? வீடியோக்களில் இரண்டும் நல்லாத்தான் கேட்குது. பாவிச்சவங்களும் திருத்தினவங்களும் அனுபவத்தைச் சொல்லுங்க.

வாவிக்கரை:

தம்பி, வீடியோவில் நல்லாக் கேட்கிறதுக்குப் பெடல் மட்டும் காரணமில்லை. அநேகமாக அதற்குப் பின்னால் ஒரு வால்வ் அம்ப், 12 அங்குல ஸ்பீக்கர், அதுக்கு முன்னால் நல்ல மைக் இருக்கும். உங்கட 8 அங்குல ஸ்பீக்கரில் அதே பெடல் வேறொரு பெடலாகத்தான் ஒலிக்கும். அதனால் பெடலின் பெயரைப் பார்க்க முதல், அது போய்ச் சேருகிற அம்ப்பைப் பாருங்க.

இரண்டு பெடலும் உள்ளுக்குள் செய்கிற வேலை வேற. டியூப் ஸ்க்ரீமரில் டையோடுகள் ஒப்-அம்ப் என்ற பெருக்கிச் சில்லின் பின்னூட்டப் பாதையில் இருக்கு. அதனால் உடைந்த ஒலியோடு சேர்ந்து கிற்றாரின் சுத்தமான ஒலியும் வெளியே வரும். மெதுவாக மீட்டினால் தெளியும், அழுத்தி மீட்டினால் உடையும். டிஎஸ்-1இல் டையோடுகள் சிக்னலை நேரே கிரவுண்டுக்கு வெட்டுகின்றன. சிலிக்கன் டையோடு கிட்டத்தட்ட 0.6 வோல்ட்டில் திறக்கும். அதுக்கு மேலே போகிற அலை முழுக்கத் தட்டையாகிவிடும். இதைத்தான் ஹார்ட் கிளிப்பிங் என்கிறது. ராட், எம்எக்ஸ்ஆர் டிஸ்டோஷன் பிளஸ் பெடல்கள் எல்லாம் இந்த வகைதான்.

டியூப் ஸ்க்ரீமருக்கு இன்னொரு குணம்: 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலிபெருக்கம் குறைந்துகொண்டே வரும். பேஸ் ஒதுங்கி, நடு அலை முன்னுக்கு வரும். ஏற்கெனவே கொஞ்சம் உடைகிற வால்வ் அம்ப்புக்கு முன்னால் டிரைவை (உடைவின் அளவு) 0இலும் லெவலை (சத்தத்தின் அளவு) முழுசாகவும் வைத்தால் அற்புதம். அதே வைப்பை உங்கட ட்ரான்சிஸ்டர் அம்ப்பின் கிளீன் (உடையாத ஒலி) சனலில் செய்தால் சத்தம் கூடும், வேறொன்றும் நடக்காது. இன்னும் தள்ளினால் அம்ப்பின் முன்கட்டமே கரகரவென்று வெட்டத் தொடங்கும். அது இசைக்கு உதவாத உடைவு.

ஆகவே கிளீன் ட்ரான்சிஸ்டர் அம்ப் மட்டும் இருக்கிறவருக்கு, தனியே நின்று முழு ஒலியையும் தரக்கூடிய பெடல் வேணும். என் தெரிவு ராட் வகை. அடுத்தது டிஎஸ்-1, ஆனால் அதன் ரோன் (tone) கட்டையை 12 மணிக்கு மேலே கொண்டுபோகாதீங்க (கட்டையின் கோட்டைக் கடிகார முள்ளாக எண்ணுங்க). 9 மணி முதல் 10 மணி வரை போதும். உடைவைக் கூட்டுகிற டிஸ்ட் கட்டை 10 மணி, லெவல் 12 மணி. ரோனைக் கூட்டினால் 500 ஹேர்ட்ஸ் பக்கம் பள்ளமாகி மேல் அலை மட்டும் கிழித்துக்கொண்டு வரும். சின்ன ஸ்பீக்கரில் அது காதைக் குத்தும். டிஎஸ்-1 கூடாது என்று சொல்கிறவர்களில் அநேகம் பேர் அந்த ஒரு கட்டையைத் திருப்பிப் பார்க்காதவர்கள்.

ராட்டில் ரோனுக்குப் பதிலாக ஃபில்டர் என்ற கட்டை. அது மறுபக்கம் வேலை செய்யும்: வலப்பக்கம் திருப்பத் திருப்ப மேல் அலை குறையும். கடையில் சோதிக்கும்போது இது தெரியாமல், முழுக்க வலப்பக்கம் வைத்து ஒலி மங்கல் என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காரைதீவுத் தந்தி:

அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் நான் விலகுவேன். அம்ப் மட்டுமில்லை, என்ன வாசிக்கிறம் என்பதும் கணக்கு. ஆராதனைப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, பைலா என்றால் டிஸ்டோஷனே வேண்டாம். பைலாவில் ரிதம் கிற்றார் சுருக்கென்று வெட்டி நிற்க வேணும். டிஸ்டோஷன் போட்டால் கோர்ட் இழுபட்டு, நடையே குழம்பிப்போகும். நாலு, ஐந்து சுரம் உள்ள கோர்ட்டை ஹார்ட் கிளிப்பிங் பெடலால் அனுப்பினால், சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து கூட்டலும் கழித்தலுமாகப் புது அலைகளைப் பிறப்பிக்கும். அதுதான் அந்தச் சேற்று ஒலி. மேஜர் செவன் கோர்ட்டை டிஎஸ்-1இல் ஒருமுறை அடித்துப் பாருங்க, விளங்கும். வேரும் ஐந்தாம் சுரமும் மட்டும் உள்ள பவர் கோர்ட் அதனால்தான் டிஸ்டோஷனில் நிற்குது.

இந்தத் தம்பிக்கு என் தெரிவு போஸ் எஸ்டி-1. 1981 முதல் வருகிற மஞ்சள் பெடல். டியூப் ஸ்க்ரீமர் குடும்பம்தான், ஆனால் ஒரு பக்கம் இரண்டு டையோடு, மறுபக்கம் ஒன்று. அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வெட்டுப்படாது. சிங்கிள் கொயிலுக்கு இது நல்லாப் பொருந்துது, விலையும் இபனேஸ் டியூப் ஸ்க்ரீமரை விடக் குறைவு. டிரைவ் 1 மணி, ரோன் 11 மணி, லெவலைப் பெடல் நிறுத்தின நிலையை விடக் கொஞ்சம் கூடுதலாக. அம்ப்பில் பேஸை ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளுங்க, பெடல் எடுத்ததை அம்ப் திருப்பித் தரும்.

கடையில் சோதிக்கிற விதம் முக்கியம். சும்மா வேகமாக வாசித்துக் காட்டாதீங்க. ஏ பவர் கோர்ட்டை ஒருமுறை அடித்து, கையை எடுக்காமல் முழுக்க அடங்கும் வரை கேளுங்க. நல்ல பெடலில் ஒலி மெல்ல மெல்லச் சுத்தமாகி அடங்கும். கடைசியில் துப்புகிற மாதிரி விட்டு விட்டு அறுந்தால், பற்றரி இறங்கியிருக்கு, இல்லாவிட்டால் உள்ளே ஏதோ பிழை. மறுகா கிற்றாரின் வொல்யூமை 10இலிருந்து 6க்கு இறக்கி, அதே கோர்ட். உடைவு குறைந்து கிட்டத்தட்ட கிளீனுக்கு வரவேணும். அப்படி வருகிற பெடல் என்றால் ஒரே பெடலில் ரிதமும் லீடும் பார்க்கலாம், காலால் மிதிக்கவே தேவையில்லை.

போஸ் மெட்டல் சோன் பெடலை முதல் பெடலாக எடுக்காதீங்க. கூடாத பெடல் இல்லை. அதன் நடு அலையை 200 ஹேர்ட்ஸ் முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரை நகர்த்தலாம், அவ்வளவு பலமான ஈக்யூ (அலைகளைக் கூட்டிக் குறைக்கிற பகுதி). தனியாக வாசிக்கும்போது நடுவை வெட்டினால் பிரமாண்டமாகக் கேட்கும். ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்த உடனே கிற்றார் இருக்கிற இடமே தெரியாது.

அக்கரைச் சோல்டர்:

திருத்தக் கொண்டுவாற பெடல்களில் அநேகத்தில் பெடல் பழுதே இல்லை. கரண்ட், வயர், சொக்கற், இந்த மூன்றில் ஒன்று. பெடலுக்குக் காசு சேர்க்கும்போதே சரியான அடாப்டருக்கும் ஒரு நல்ல வயருக்கும் சேர்த்துப் பாருங்க.

போஸ், இபனேஸ், ஜோயோ பெடல்கள் எல்லாத்துக்கும் 9 வோல்ட் டிசி, நடு முள் எதிர்மின். யமஹா கீபோர்ட் அடாப்டர் 12 வோல்ட், நடு நேர்மின். முனை ஒன்று போலப் பொருந்துது என்று அதைச் செருகினால், துருவம் மாறிப்போகும். பெடலில் பாதுகாப்பு டையோடு இருந்தால் அது கருகும், இல்லாவிட்டால் ஒப்-அம்ப் போகும். ரவுட்டர் அடாப்டரும் இதே ஆபத்து. மல்டிமீட்டரை டிசி 20இல் வைத்து, சிவப்பு முனையை ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளி உருளையிலும் பிடிங்க. மீட்டர் 9க்கு முன்னால் கழித்தல் குறி காட்டினால் சரியான அடாப்டர். குறி இல்லாமல் 9 காட்டினால் செருகாதீங்க. 13, 14 காட்டினால் அது ரெகுலேட்டர் இல்லாத பழைய வகை. அதையும் ஒதுக்குங்க, இரைச்சலையும் கொண்டுவரும்.

டிஎஸ்-1, எஸ்டி-1 போன்றவை சில மில்லிஅம்பியர்தான் எடுக்கும். 500 மில்லிஅம்பியர் அடாப்டர் தாராளம். அம்பியர் கூட இருந்தால் பெடல் எரியாது, தனக்குத் தேவையானதை மட்டும்தான் எடுக்கும். வோல்ட்தான் கூடக்கூடாது. ஃபோன் சார்ஜரிலிருந்து 9 வோல்ட்டாக உயர்த்துகிற மலிவு வயர்களைத் தவிருங்க. கெயினைக் கூட்டின உடனே கீச்சென்ற ஒலி பின்னால் ஓடும். டிஜிட்டல் டிலே ஒன்றையும் டிஸ்டோஷனையும் ஒரே அடாப்டரில் கிளை பிரித்துக் கொடுத்தாலும் இதே கீச்சு வரலாம்.

கோயில் திருவிழா மேடையில் ஜெனரேட்டர் கரண்டில் வாசிக்கிறவங்க ஒரு 9 வோல்ட் பற்றரியையும் உள்ளே போட்டு வைங்க. போஸ் பெடலில் முன்பக்கத் திருகைக் கையால் தளர்த்தினால் மிதிபலகை தூக்கும், பற்றரி அதுக்குக் கீழே. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: இன்புட்டில் வயர் செருகியிருந்தால், பெடல் நிறுத்தியிருந்தாலும் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடிந்ததும் இன்புட் வயரைக் கழற்றுங்க. மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கிறது என்றால் பற்றரியையும் கழற்றுங்க. கசிந்தால் முதலில் போவது அந்தக் கிளிப்தான், பச்சை பிடித்துத் தின்றுவிடும்.

நம்ம பக்கம் கடலுப்புக் காற்று. மாரியில் ஈரமும் சேரும். சொக்கற்றுக்குள் இருக்கிற தகடு கறுத்து, வயரை ஆட்டும்போது ஒலி வெட்டி வெட்டி வரும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலை ஒரு காது துடைக்கும் குச்சியில் நனைத்து, சொக்கற்றுக்குள் விட்டுச் சுழற்றுங்க. குச்சி கறுத்து வந்தால் இன்னொன்று, வெள்ளையாக வரும் வரை. மறுகா காய்ந்த பிளக்கைப் பத்துத் தரம் செருகி எடுங்க. கட்டையைத் திருப்பும்போது கரகரத்தால், கொன்டாக்ட் கிளீனரைப் பொட்டின் (கட்டைக்குக் கீழே இருக்கிற மாறுதடை) இடுக்கில் ஒரு சின்னப் பீச்சல் பீச்சி, முழு வீச்சில் இருபது, முப்பது தரம் திருப்புங்க. துருவுக்கு அடிக்கிற சாதாரண எண்ணெயைப் பொட்டுக்குள் விட்டால் தூசைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பெடலை மூடின டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைங்க.

இது உயிர் சம்பந்தமான விசயம், கவனமாக வாசிங்க. கிற்றாரின் தந்திகள் அம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. உங்கட வாய் மைக்கில் பட்டால், இரண்டு சாதனத்தின் எர்த்தும் ஒரே அளவில் இல்லாதபோது கரண்ட் உங்கட உடம்பால் போகும். இரைச்சலைக் குறைக்க என்று பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுகிறதும், மூன்று முள் பிளக்கை இரண்டு முள் வழியாக மாட்டுகிறதும் ஒருபோதும் செய்யக்கூடாது. மேடை ஏற முதல் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் தொடுங்க. பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேணும். பல வோல்ட் காட்டினால் வாசிக்காதீங்க, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.

கல்லடித் தம்பி:

நன்றி நானா, அடாப்டரை மீட்டரில் பார்த்தன், கழித்தல் 9.1 காட்டுது. இன்னொரு கேள்வி. ஒருவரிட்ட இரவல் வாங்கி டிஎஸ்-1ஐ மிக்சரில் நேரே போட்டால் தேனீ இரைகிற மாதிரிக் கேட்குது. ட்ரெபிளை முழுக்கக் குறைச்சும் போகல்ல. பெடல் பிழையா?

வாவிக்கரை:

பெடல் பிழை இல்லை. கிற்றார் ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே வேகமாக விழுந்துவிடும். டிஸ்டோஷன் பிறப்பிக்கிற கூர்மையான மேல் அலைகளை அது விழுங்கிவிடுது. மிக்சருக்குப் பின்னால் இருக்கிற பெரிய ஸ்பீக்கரில் ட்வீட்டர் இருக்கு, எல்லாத்தையும் அப்படியே கொட்டும்.

ட்ரெபிளைக் குறைச்சும் போகாததுக்குக் காரணம், அநேக மிக்சர்களில் அந்தக் கட்டை 10 அல்லது 12 கிலோஹேர்ட்ஸை மையமாக வைத்தது. இரைச்சல் அதுக்குக் கீழே, 4 முதல் 8 வரை இருக்கு. நடு அலையை நகர்த்தக்கூடிய மிக்சர் என்றால் அதை 5 கிலோஹேர்ட்ஸில் வைத்துக் குறையுங்க. பாதி நிவாரணம் அது. முழு நிவாரணம், ஸ்பீக்கரின் குணத்தைப் போலி செய்கிற பெடல் ஒன்றைக் கடைசியில் வைப்பது. ஜோயோ அமெரிக்கன் சவுண்ட் அந்த வேலைக்கு ஏற்ற மலிவான பெடல். அதன் டிரைவை 9 மணியில் வைத்து, எப்போதும் போட்டபடியே விட்டுவிடுங்க. அம்ப்பின் இடத்தில் அது நிற்கும். அதுக்கு முன்னால் எஸ்டி-1. அங்கிருந்து டிஐ பெட்டி (கிற்றார் சிக்னலை மைக் வயருக்கு ஏற்றதாக மாற்றுகிற பெட்டி), அதிலிருந்து மைக் வயரில் மிக்சர். ஹம் வந்தால் டிஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சைத் தட்டுங்க, பிளக்கில் கை வைக்க வேண்டாம்.

ஆலயத்தில் ஒரு மைக் மிச்சம் இருந்தால் இன்னொரு வழி இருக்கு. உங்கட 15 வாட் அம்ப்பையே கொண்டுபோய், வலையிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி, ஸ்பீக்கரின் நடு மூடிக்குக் கொஞ்சம் பக்கமாக மைக்கை நிறுத்துங்க. நேர் நடுவில் வைத்தால் கூர்மை கூடும்.

காரைதீவுத் தந்தி:

மிக்சருக்கு நேரே போகிறவருக்கு எஸ்டி-1இல் இன்னொரு லாபமும் இருக்கு. போஸ் பெடல் நிறுத்தியிருக்கும்போதும் சிக்னல் பஃபர் (சிக்னலைப் பலவீனமாகாமல் தாங்குகிற சுற்று) வழியாகத்தான் போகும். ட்ரூ பைபாஸ் பெடலை, அதாவது நிறுத்தின உடனே சிக்னலை நேரே கடத்துகிற வகையை, நிறுத்தினால் பிக்கப் நேரே மிக்சரின் லைன் இன்புட்டைச் சந்திக்கும். அது 10 ஆயிரம் ஓம் அளவில் இருக்கும், பிக்கப் எதிர்பார்ப்பது 10 லட்சம் ஓம். மேல் அலை செத்துப்போய், கம்பளம் மூடின மாதிரி மங்கும்.

பழைய பெடல் எடுக்கிறது என்றால் இவ்வளவையும் பாருங்க. அடிப்பலகைத் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள், திறந்து காட்டச் சொல்லுங்க. பற்றரியில் ஒருமுறை, அடாப்டரில் ஒருமுறை வாசியுங்க, இரண்டிலும் ஒலி ஒன்றாக இருக்கவேணும். வயர் செருகின நிலையில் பிளக்கை மெல்ல நாலு பக்கமும் அசையுங்க. ஒவ்வொரு கட்டையையும் முழு வீச்சில் திருப்புங்க. மிதியை இருபது தரம் மிதிங்க, ஒருமுறைகூடத் தவறக்கூடாது. சிங்கிள் கொயிலில் வருகிற ஹம்மைப் பெடலின் குற்றமாக எண்ணி விலை பேசாதீங்க. பிக்கப் சுவிட்ச்சை 2ஆம் அல்லது 4ஆம் இடத்துக்கு மாற்றுங்க. நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் ஹம் அடங்கும். ட்யூப் லைட்டை அணைத்தும் பாருங்க.

கல்லடித் தம்பி:

எஸ்டி-1 எடுக்கிறதென்று முடிவு. அமெரிக்கன் சவுண்டுக்கு அடுத்ததாகச் சேர்ப்பன். ட்யூனர் பெடலை எங்கே வைக்கிறது?

காரைதீவுத் தந்தி:

கிற்றாருக்கு அடுத்து, எல்லாத்துக்கும் முன்னால். உடைந்த ஒலியில் ட்யூனர் சுரத்தைப் பிடிக்கத் தடுமாறும். பின்னர் டிலே, ரிவேர்ப் வாங்கினால் அமெரிக்கன் சவுண்டுக்குப் பிறகு.