ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ரயில் பாதை என்று ஒன்று எப்போது இருந்தது?

மண்டபம் லோகோ:
கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் ஸ்டேஷன் கட்டடம், அதன் கீழே "1964 புயலில் அழிந்த ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ரயில் பாதையை மீட்போம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். படித்தவர்கள், ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள்கூட யோசிக்காமல் அதைப் பரப்புகிறார்கள். அப்படி ஒரு பாதை இருந்ததே இல்லை! பாம்பன் ஜங்ஷனில்தான் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, சுமார் 10 கிலோமீட்டர். இன்னொன்று தெற்கே ஒதுங்கி தனுஷ்கோடிக்கு, 24 கிலோமீட்டர். கொழும்புக் கப்பலைப் பிடிக்க சென்னையிலிருந்து ஓடிய போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் ராமேஸ்வரம் வராது. ராமேஸ்வரம் ஒரு கிளைப் பாதை, அவ்வளவுதான். அழிந்தது பாம்பன் – தனுஷ்கோடி பாதை. தயவுசெய்து ஊர் பெயரை மாற்றி வரலாறு எழுதாதீர்கள்.

அக்னி தீர்த்தம்:
"ராமேஸ்வரம் ஒரு கிளைப் பாதை, அவ்வளவுதான்." அண்ணே, இந்த "அவ்வளவுதான்" எங்கிருந்து வந்தது? காசிக்குப் போனவன் எல்லாம் கங்கை நீரைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும் ஊர் இது. ராமேஸ்வரத்துக்கு ரயில் 1906லேயே வந்துவிட்டது. பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். பாலத்துக்கு எட்டு வருஷம் முன்னாலேயே தீவுக்குள் ஓடிய பாதை எப்படிக் கிளை ஆகும்? மூத்த பிள்ளை நாங்கள். தனுஷ்கோடிதான் பின்னால் வந்தது.

மண்டபம் லோகோ:
மூத்த பிள்ளையாக இருந்தாலும் கிளை கிளைதான் தம்பி. பாம்பனில் பிரிந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

மீட்டர்கேஜ் மாறன்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். "பழைய பாதை" என்று எதைச் சொல்கிறோம்? தண்டவாளம் கிடந்த தடத்தையா, ரயில் ஓடிய சேவையையா, அல்லது யாருக்குச் சொந்தம் என்பதையா? முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை குறையும். தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான் இந்தத் தீவில் எல்லாப் பாதைகளுக்கும் சொந்தக்காரர். அவர்கள் கணக்கில் எது மெயின், எது கிளை என்று பார்த்தால் போதும்.

மண்டபம் லோகோ:
அதுவும் தப்பு. 1890ஆம் ஆண்டோடு பழைய கம்பெனியிடமிருந்து அரசாங்கம் பாதைகளை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு இருந்த எஸ்.ஐ.ஆர். (புதிய தென்னிந்திய ரயில்வே) கம்பெனி அவற்றை ஒப்பந்தத்தில் ஓட்டியது. மண்டபத்துக்குப் பாதை வந்ததே 1902இல். அப்படியென்றால் ராமநாதபுரம் சீமையில் கம்பெனி தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டியதே தவிர, சொத்து அரசாங்கத்துடையது. 1944 ஏப்ரலில் ஓட்டும் பொறுப்பையும் அரசே எடுத்துக்கொண்டது, 1951இல் தெற்கு ரயில்வே பிறந்தது. சொந்தம் யாருடையதாக இருந்தாலும் பாதை பிரிந்தது பாம்பனில். ராமேஸ்வரத்தில் இல்லை.

மீட்டர்கேஜ் மாறன்:
சொந்தம் வேறு, ஓட்டுகிறவர் வேறு என்பது எனக்கும் தெரியும் சார். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வழியாக 1903இல் அறந்தாங்கி வரை வந்த பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தம், ரயில் ஓட்டியது எஸ்.ஐ.ஆர். பேரளம் – காரைக்கால் பாதை பிரெஞ்சுக்காரர் சொத்து, அங்கேயும் ஓட்டியது எஸ்.ஐ.ஆர்.தான். நான் கேட்டது வேறு. தனுஷ்கோடியைத் தாண்டி தலைமன்னார் பாதையிலும் எஸ்.ஐ.ஆருக்கு ஓட்டும் உரிமை இருந்தது என்று படித்திருக்கிறேன். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பு வரை போயிருக்கிறார்களே?

மண்டபம் லோகோ:
டிக்கெட் ஒன்று என்பதால் ரயிலும் ஒன்றா? இங்கே ஓடியது மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். தலைமன்னாரில் இலங்கை அரசாங்க ரயில்வே போட்டது அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். நம் எஞ்சினை அங்கே இறக்கினால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் விழும். தனுஷ்கோடி துறையில் ரயிலை விட்டு இறங்கி, கப்பல் ஏறி, கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் அவர்களுடைய ரயிலில் ஏற வேண்டும். இர்வின், கோஷன் என்று நீராவிக் கப்பல்கள் ஓடின. உரிமை எல்லாம் டிக்கெட்டிலும் தபால் மூட்டையிலும்தான், தண்டவாளத்தில் இல்லை. நீங்கள் படித்தது எங்கே என்று எனக்குத் தெரியும், அந்த ஆள் போன வருஷம் பாம்பன் தூக்குப் பாலத்தையே மின்சாரத்தில் இயங்கியது என்று எழுதியவர். ஆட்கள் கையால் நெம்பித் தூக்கிய பாலம் அது!

அக்னி தீர்த்தம்:
பேச்சை மாற்றாதீர்கள். இன்றைக்கு எந்த ரயிலாவது பாம்பனோடு நிற்கிறதா? சென்னையிலிருந்து வருவது, மதுரையிலிருந்து வருவது எல்லாம் ராமேஸ்வரம் வருகிறது. 64 புயலுக்கு அப்புறம் இலங்கைக் கப்பலே ராமேஸ்வரத்திலிருந்துதான் போனது, 1984 வரை. கிளைப் பாதைக்கா சர்வதேசக் கப்பல் விடுவார்கள்?

மண்டபம் லோகோ:
புயல் மெயின் பாதையைத் தின்றுவிட்டதால் கிளை மிஞ்சியது. மிஞ்சியதை வைத்துக்கொண்டு "நாங்கள்தான் மெயின்" என்கிறீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அலையில் போன ரயில் எது? 653 எண் பாசஞ்சர். எங்கிருந்து கிளம்பியது? பாம்பனிலிருந்து, இரவு 11.55க்கு. அது பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் அதில் போயின. செத்தவர்கள் ஏறிய ஊரைக்கூட மாற்றி எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

தங்கச்சிமடம் வலை:
லோகோ அண்ணன் சொல்வது சரி. பாம்பன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். 1897இல் விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியது பாம்பன் குந்துகாலில். ஜங்ஷனும் பாம்பனில். புகழ் மட்டும் ராமேஸ்வரத்துக்கு. மீன் எங்கள் படகில் வரும், "ராமேஸ்வரம் மீன்" என்று விற்பார்கள்.

அக்னி தீர்த்தம்:
மீனுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? நீயும் எங்கள் துறைமுகத்தில் படகு கட்டுகிறவன்தானே.

தங்கச்சிமடம் வலை:
கட்டினால் என்ன? வாடகையா கொடுக்கிறாய்?

முத்துநகர் விசில்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். போட் மெயில், போட் மெயில் என்று தீவுக்காரர்கள் மட்டுமே பேசுகிறீர்கள். 1914க்கு முன்னால் கொழும்புக்குப் போக வேண்டியவன் தூத்துக்குடிக்குத்தான் ரயிலில் வந்தான். எங்களுக்கு ரயில் 1876இலேயே வந்தாயிற்று. வ.உ.சி. வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டது எங்கள் துறையிலிருந்து. பாம்பன் பாலத்தைப் போட்டு அந்தப் போக்குவரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இதில் பாம்பனா ராமேஸ்வரமா என்று சண்டை வேறு.

மண்டபம் லோகோ:
தூத்துக்குடிக்குத் தனியாக ஒரு திரி போடுங்கள், வந்து பேசுகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். கணக்கு தருகிறேன். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய புதிய திட்டம் ராமேஸ்வரம் – தனுஷ்கோடி, 17 கிலோமீட்டர் சொச்சம். பாம்பன் – ராமேஸ்வரம் 10. கூட்டினால் 27. பழைய பாம்பன் – தனுஷ்கோடி 24. பழைய பாதை ராமேஸ்வரம் வழியாகப் போயிருந்தால் மூன்று கிலோமீட்டர் எங்கே போனது? அரசாங்கமே "புதிய பாதை" என்றுதான் அந்தத் திட்டத்துக்குப் பெயர் வைத்தது. "மீட்பு" என்பது நீங்களாகச் சேர்த்தது.

அக்னி தீர்த்தம்:
புயலில் போன தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் போனால் அதற்குப் பெயர் மீட்புதான். மூன்று கிலோமீட்டர் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? மக்கள் தனுஷ்கோடி போக வேண்டும், அதைப் பாருங்கள்.

மண்டபம் லோகோ:
பாம்பனில் பிரிந்ததா இல்லையா?

கீழக்கரை மரக்கலம்:
உங்கள் எல்லோருக்கும் ரயில் இருந்தது, போனது, வந்தது, சண்டை போடுகிறீர்கள். கீழக்கரைக்கு எப்போது ரயில் வந்தது? எங்கள் பாட்டன்மார் இலங்கையோடு வியாபாரம் செய்த ஊர். ஏர்வாடிக்கு வருகிற கூட்டத்துக்குக் கணக்கே கிடையாது. சாயல்குடி, முதுகுளத்தூர், தொண்டி, எங்கேயும் தண்டவாளம் இல்லை. காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரிக்குக் கடலோரப் பாதை என்று சர்வே மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரனுக்குக் கொழும்புத் தபாலும் தேயிலைத் தோட்டத்துக் கூலியாளும் வேண்டியிருந்தது, மண்டபம் கேம்ப் வழியாக ஆளை அனுப்பப் பாதை போட்டான். ஊருக்காகப் போடவில்லை. நமக்காக இன்னும் யாரும் போடவில்லை.

மீட்டர்கேஜ் மாறன்:
பாய் சொல்வதுதான் இந்தத் திரியில் முதல் உருப்படியான விஷயம். ஆனால் ஒன்று, போட் மெயில் ஆரம்பத்திலிருந்தே புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகத்தான் வந்தது, மதுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் லோகோ:
மாறன், தெரியாததைச் சேர்க்காதீர்கள். காரைக்குடி – மானாமதுரை பாதை திறந்ததே 1930இல். அதற்கு முன்னால் திருச்சியிலிருந்து திண்டுக்கல், மதுரை சுற்றித்தான் மானாமதுரை வர முடியும். பதினாறு வருஷம் போட் மெயில் பறந்தா வந்தது?

மீட்டர்கேஜ் மாறன்:
நான் சொன்னது நீண்ட காலம் ஓடிய வழியை. ஒவ்வொரு வரிக்கும் பிழை திருத்துகிற வாத்தியார் வேலை உங்களுக்கு எதற்கு?

மண்டபம் லோகோ:
பிழையாக எழுதினால் திருத்தத்தான் செய்வேன். என் வயதில் பாதி இந்தத் தண்டவாளத்தில் போயிருக்கிறது. புயலுக்குப் பின் 126 தூலங்கள் கடலுக்குள் கிடந்தன, தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. ரயில்வே இன்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள். கடலடியில் கிடந்த இரும்பைத் தேடித் தூக்க வழி சொன்னவர்கள் நம் கரை மீனவர்கள். அந்த உழைப்பெல்லாம் பாம்பன் வரைக்கும், அங்கிருந்து கிளை வழியாக ராமேஸ்வரத்துக்கும் ரயில் ஓட உதவியது. தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அந்தப் பாதைக்கு மிஞ்சியது பெயர் மட்டும்தான், அதையும் மாற்றுகிறீர்கள்.

அக்னி தீர்த்தம்:
கிளை, கிளை என்று இதோடு எத்தனை தடவை? 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை உங்கள் மண்டபத்தோடுதான் ரயில் நின்றது. அப்போது ஆட்டோவுக்கும் வேனுக்கும் யாத்திரைக்காரர்களிடம் என்ன வாங்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வருமானம் போனதில் உங்களுக்கு வயிற்றெரிச்சல்.

மண்டபம் லோகோ:
நான் பென்ஷன்காரன், ஆட்டோக்காரன் இல்லை. ஓட்டினாலும் அதில் கேவலம் ஒன்றும் கிடையாது. ராமேஸ்வரத்தில் அறை வாடகை என்ன என்று நானும் கேட்கட்டுமா?

தங்கச்சிமடம் வலை:
கேளுங்கள் அண்ணே, அமாவாசை அன்றைக்கு என்ன ரேட் என்றும் கேளுங்கள்.

அக்னி தீர்த்தம்:
வந்துவிட்டார் துணைக்கு. ரயில் வரலாறு பேச வந்தீர்களா, ஊர்ப் பகை தீர்க்க வந்தீர்களா? நான் அந்தப் படத்தை இன்னும் பத்து குழுவில் போடப் போகிறேன். "ராமேஸ்வரம் – தனுஷ்கோடி" என்றே போடுவேன்.

மண்டபம் லோகோ:
நீங்கள் போடுகிற ஒவ்வொரு குழுவிலும் நான் வந்து "பாம்பன் – தனுஷ்கோடி, 24 கிலோமீட்டர்" என்று எழுதுவேன்.

கீழக்கரை மரக்கலம்:
கடலோரப் பாதைக்கு மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட யாராவது உண்டா?

அக்னி தீர்த்தம்:
மனுவில் எந்த ஊரை ஜங்ஷன் என்று போட்டிருக்கிறீர்கள் பாய்? அதைப் பார்த்துவிட்டுத்தான்.

முத்துநகர் விசில்:
தூத்துக்குடியை முதலில் போட்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.