ஏற்காடு எஸ்டேட் வேலைக்கு வர்றவங்க பத்தி ஆராய்ச்சி, கொஞ்சம் உதவுங்க

வணக்கம் மக்களே, நான் சேலம்தான், சேர்வராயன் மலைக்கு காபி பழம் பறிக்கிற சீசன்ல மட்டும் ஜார்க்கண்ட், ஒடிசாலேர்ந்து வர்றவங்களை பத்தி ஆராய்ச்சி பண்றேன். வேலைக்கு ஆள் கூட்டிட்டு வர்ற மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸ் இன்னும் கழியல, அதனால ஊருக்கு போக முடியலன்னு எஸ்டேட் ஆளுங்க தங்குற லைன் வீட்ல ஒரு அக்கா சொன்னாங்க, அன்னைக்கு நைட்டு எனக்கு தூக்கமே வரல. கடனை காட்டி ஆளை பிடிச்சு வைக்கிறது 1976 கொத்தடிமை ஒழிப்பு சட்டப்படி குற்றம், குறைஞ்சபட்ச கூலிக்கு கீழ கொடுத்தாலே அது கட்டாய உழைப்புதான்னு 1982லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, ஆனா நான் பேசுன யாருக்கும் இது தெரியல.

முதலாளிங்க பக்கமும் கேக்கணும், ஆள் கிடைக்காம அவங்க படுறதும் நிஜம். ஒடியா, சாத்ரி பேசத் தெரிஞ்சவங்க, பேச சம்மதிக்கிற எஸ்டேட்காரங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க ப்ளீஸ், பேர் எங்கயும் வராது. மேஸ்திரி மூலமா அறிமுகம் மட்டும் வேண்டாம், அவர் பக்கத்துல நின்னா யாரும் வாயே திறக்க மாட்டாங்க.