அழற்சி ஒடுக்கமா, அழற்சித் தணிவா?

> நம் மருத்துவ நூலின் சொற்பட்டியலில், மாரடைப்புக்குப் பின் இதயத்தில் எழும் அழற்சி முடிவுக்கு வரும் ‘ரெசொல்யூஷன்’ கட்டத்துக்கு ‘அழற்சி ஒடுக்கம்’ என்று போடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

வேண்டாம் ஐயா. ஒடுக்கம் என்றால் வெளியிலிருந்து ஒன்று ஒடுக்க வேண்டும். அது ஸ்டீராய்டின் வேலை. இதயத்துக்குள் நடப்பது வேறு.

தசை செத்த சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. பின்னாலேயே வரும் மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் பெருவிழுங்கணுக்களாகிச் (மேக்ரோஃபேஜ்) சிதைவை அப்புறப்படுத்துகின்றன. செத்த நியூட்ரோபில்களை விழுங்கியதும் இவற்றின் குணமே மாறுகிறது: அழற்சியைத் தணித்து ஆற்றலைத் தூண்டும் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதங்களைச் சுரக்கத் தொடங்கும். நாரணுக்கள் (ஃபைப்ரோபிளாஸ்ட்) தழும்பின் நார்ப்புரதமான கொல்லாஜனை மும்முரமாகப் படிய வைப்பது அதன்பிறகுதான். எலியில் இந்தத் திருப்பம் ஏறத்தாழ 4, 5-ஆம் நாளில்; மனிதரில் இன்னும் மெதுவாக. அதற்கு முன்பே அழற்சியை அடக்கினால் சிதைவு அகலாது, தழும்பு மெலியும், கீழறைச் சுவர் புடைக்கும், கிழியவும் கூடும். மாரடைப்பை ஒட்டிய நாள்களில் ஸ்டீராய்டையும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளையும் தவிர்க்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நூலின் குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சைப் பகுதியில் ‘ஒடுக்கம்’ இன்னும் மோசமாக இடறும். 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த எலி ஆய்வைப் பாருங்கள். சிகிச்சைக்குப் பயன்படும் உயிருள்ள அணுக்கள், உறையவைத்து உருக்கிக் கொன்ற அணுக்கள், ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் சைமோசான் என மூன்றையும் தனித்தனியே இதயத்தில் ஊசியால் செலுத்தினார்கள். மூன்றுமே பயன் தந்தன! புதுத் தசை முளைத்ததால் அல்ல. ஊசி தூண்டிய அழற்சி பெருவிழுங்கணுக்களை வரவழைத்துத் தழும்பின் ஓரத்தை வலுப்படுத்தியதால். சைக்ளோஸ்போரின் கொடுத்து நோயெதிர்ப்பை அடக்கியதும் அந்தப் பயன் போய்விட்டது.

ஆகவே என் பரிந்துரை ‘அழற்சித் தணிவு’. தணிப்பு பிறவினை, தணிவு தன்வினை. வேறுபாடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> தணிவு என்றால் சும்மா ஆறிப்போவது போலத் தொனிக்கிறதே. ‘அழற்சி நிறைவு’?

அதை ‘அழற்சி நிறைந்திருத்தல்’ என்றும் படித்துவிடுவார்கள். மருத்துவ நூலில் அது ஆபத்து. தங்கள் ஐயம் நியாயமானதே. தணிவை முடுக்கும் ரெசால்வின் போன்ற பொருள்களுக்குத் ‘தணிவூக்கி’ என்று தனிச்சொல் வைத்தால், அது உடல் முனைந்து செய்யும் வேலை என்பது புலப்படும். ஸ்டீராய்டு ‘அழற்சி அடக்கி’யாகவே இருக்கட்டும். இரண்டையும் பட்டியலில் அடுத்தடுத்து இட்டு, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றுச்சொல் அல்ல என்று குறித்துவிடலாம்.