சின்ன ஊர் டச்சு பங்க் பேண்ட் ஒன்று எப்படி மேலே வந்தது? டொங்காட்டிலிருந்து ஒரு கேள்வி

டொங்காட்_பேஸ் எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டொங்காட்டில் நாலு பேர், சித்தப்பா வீட்டுக் காராஜில் வாசிக்கிறோம். கல்யாணத்துக்கு வாசிக்கிற பேண்ட் இல்லை, பங்க், அதாவது வேகமும் சத்தமுமான ராக். ஒருவன் கால் சென்டரில் இருக்கிறான், ஒருவன் நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்துகிற வேலையில் இருக்கிறான், மற்ற இரண்டு பேர் இன்னும் படிக்கிறோம்.

யூடியூபில் எதையோ தேடப்போய் தி எக்ஸ் என்ற டச்சு பேண்டின் பழைய கச்சேரி ஒன்று மாட்டியது. கிதாரை வாசிக்கிறார்களா ராவுகிறார்களா என்றே தெரியவில்லை, ஆனால் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா விடாமல் ஒரே தாளத்தைப் பிடித்து, நடுநடுவே பாடவும் செய்கிறார், எங்கள் டிரம்மர் பையன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. விசாரித்தால் 1979-இல் ஆரம்பித்தவர்களாம், இன்னும் வாசிக்கிறார்களாம், பெரிய ரெக்கார்டு கம்பெனி எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லையாம். ஊர் பெயர் வோர்மர். மேப்பில் பார்த்தால் டொங்காட்டைவிடச் சின்னதாக இருக்கிறது.

இது எப்படி நடந்தது? அங்கே ஏதாவது தனி வழி இருக்கிறதா, இல்லை அதிர்ஷ்டமா? டர்பனில் எங்களைக் கூப்பிடுகிற இடம் கிடையாது, ஹாலுக்குப் போனால் சினிமாப் பாட்டு வாசிப்பீர்களா என்றுதான் முதல் கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "உழைத்தால் உயரலாம்" பதில்கள் வேண்டாம், அதை ஆயாவே தினமும் சொல்கிறார்.

ஸாண்டாம்_அக்கா எழுதியது:

தம்பி, நான் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரி. கல்யாணமாகி டச்சு நாட்டுக்கு வந்து ஸாண்டாமில் இருக்கிறேன். நீ சொல்கிற வோர்மர் இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் இந்த பேண்ட் புரியாது.

டச்சு நாடு என்றால் காற்றாலை, துலிப் பூ என்று காலண்டரில் பார்த்திருப்பாய். இந்த ஸான் ஆற்றங்கரை முழுக்க ஒரு காலத்தில் காற்றாலைகள்தான், ஆனால் அழகுக்காக இல்லை. மரம் அறுக்க, எண்ணெய் ஆட்ட, காகிதம் செய்ய. அப்புறம் அதே கரையில் புகைபோக்கிகள் வந்தன. இன்றைக்கும் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தெருவெல்லாம் கோகோ வறுக்கிற வாசனைதான். சாக்லேட் மாதிரி இருக்கும் என்று நினைக்காதே, கருகின வாசனை, காயப்போட்ட துணியில் ஏறிவிடும். மொத்தத்தில் இது ஆலைத் தொழிலாளர் ஊர், டொங்காட்டில் கரும்பாலைக்குப் பக்கத்தில் வளர்ந்த உனக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

வோர்மரில் வான் கெல்டர் என்ற காகித ஆலை இருந்தது. 1980 வாக்கில் அதன் கதை முடிந்தது. ஆலையைச் சேர்ந்த பங்களா ஒன்று, வில்லா ஸூய்ட் என்று பெயர், அதில்தான் இந்தப் பையன்கள் போய்க் குடியேறினார்கள். வாடகைக்கு இல்லை, சும்மா. அந்தக் காலத்தில் இங்கே காலியாகக் கிடக்கிற கட்டடத்துக்குள் போய் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி போட்டுவிட்டால் அது குடியிருப்புக் கணக்கில் வந்துவிடும், சொந்தக்காரர் நீதிமன்றம் போய்த்தான் ஆளைக் கிளப்ப வேண்டும். 2010 அக்டோபரில்தான் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. எழுபது எண்பதுகளில் நாடு முழுக்க வீட்டுப் பஞ்சம், இளைஞர்கள் கும்பல் கும்பலாகக் காலி வீடுகளில் இறங்கினார்கள். 1980 ஏப்ரல் 30-இல் பேயாட்ரிக்ஸ் அரசியாகப் பதவியேற்ற அன்றைக்கு ஆம்ஸ்டர்டாமில் வீடு கேட்டுப் பெரிய கலவரமே நடந்தது. தி எக்ஸ் அந்தக் கூட்டத்திலிருந்து வந்த பேண்ட்.

அதிர்ஷ்டமா என்று கேட்டாயே, வாத்தியத்தைக் குலுக்கல் போட்டுத்தான் பிரித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள், அந்த அளவுக்கு அதிர்ஷ்டம் உண்டு. பெயரும் சுவரில் ஸ்ப்ரே அடிக்க இரண்டு நொடி போதும் என்பதால் வைத்தது. மற்றதெல்லாம் வேலை. 1980-லேயே முதல் ஆல்பம் வந்துவிட்டது. 1983-இல் அந்தக் காகித ஆலையின் கதையையே எடுத்து நாலு சின்ன இசைத்தட்டுகளாகப் பெட்டியில் போட்டு, கூடவே ஒரு புத்தகமும் வைத்து வெளியிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. லண்டனைப் பார்த்து லண்டன் பாட்டுப் பாடாமல், தங்கள் ஊரில் மூடின ஆலையைப் பாடினார்கள். 1986-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கி 50 வருடம் ஆனபோது ஒரு புகைப்படப் புத்தகம், அதற்குள் இரண்டு சின்னத் தட்டு. எந்தக் கம்பெனி இதற்கெல்லாம் பணம் போடும்? கம்பெனி இல்லாததால்தான் செய்ய முடிந்தது.

பணத்துக்கு என்ன செய்தார்கள் என்றால், செலவே இல்லாமல் வாழ்ந்தார்கள். வாடகை கிடையாது, ரிகர்சலும் அங்கேயே. அந்த நாளில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையில் பாதி டச்சு பங்க் ஓடியது என்று இங்கே வயதானவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1991-இல் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு சிங்கிள் என்று ஆறு தட்டு போட்டார்கள், சந்தா கட்டினால் தபாலில் வரும். ஆனந்த விகடனுக்குச் சந்தா கட்டுகிற மாதிரிதான்! கேட்கிறவன் யார் என்று பெயரும் முகவரியுமாக அவர்கள் கையிலேயே இருந்தது, நடுவில் ஆள் கிடையாது.

நீ பார்த்த டிரம்ஸ் அம்மா கத்தரீனா போர்னஃபெல்ட், 1984-இல் சேர்ந்தவர். உன் டிரம்மரிடம் சொல், பேசச் சொல்.

லெனேசியா_பெரியவர் எழுதியது:

தங்கச்சி நன்றாக எழுதியிருக்கிறார், ஒன்றும் குறை சொல்லவில்லை, ஆனால் தம்பி இதைப் படித்துவிட்டு நாமும் அப்படிச் செய்யலாம் என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு பங்க் பிடிக்காது, காது வலிக்கும். என் மகனுக்குப் பிடிக்கும், அதனால் வீட்டில் கேட்டே ஆகவேண்டிய நிலைமை.

அதே 1979-இல் ஜோஹானஸ்பர்கில் நேஷனல் வேக் என்று ஒரு பேண்ட் ஆரம்பித்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். இனம் பிரித்துக் குடியிருப்பு ஒதுக்கின குரூப் ஏரியாஸ் சட்டம் என்றால் உங்கள் தலைமுறைக்குப் பாடப்புத்தகம், எங்களை வீட்டோடு பெயர்த்துக் கொண்டுவந்து ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் உங்கள் ஆட்களை டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் கொட்டியது அந்தச் சட்டம்தான். அந்த பேண்ட்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்ததே குற்றம். போலீஸ் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. 1981-இல் ஒரே ஒரு ஆல்பம், அதற்கப்புறம் சீக்கிரமே கலைந்துபோனார்கள். திறமையில் வோர்மர்காரர்களுக்குக் குறைந்தவர்களா? இல்லை. அங்கே காலி வீட்டில் நுழைந்தவனுக்குக் கட்டிலும் நாற்காலியும் பாதுகாப்பு. இங்கே சொந்தமாக வாடகை கொடுத்து இருந்தவனுக்கே பாதுகாப்பு கிடையாது. டர்பனிலும் அந்த நாளில் வைல்ட் யூத் என்று ஒரு பங்க் பேண்ட் இருந்தது, 1979-இல் ஒரு சிங்கிள் போட்டார்கள், இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, தூரம். க்ரோனிங்கனிலிருந்து மாஸ்ட்ரிக்ட் வரைக்கும், அதாவது அந்த நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, காரில் 330 கிலோமீட்டர் சொச்சம். டர்பனிலிருந்து இங்கே வரவே 570, கேப்டவுனுக்கு 1,600-க்கு மேல். அவர்கள் இரவு வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நீங்கள் என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வான் ரீனன் கணவாயைத் தாண்டி வரவேண்டும், டோல் தனி. கரண்ட் இருக்கிற நாளாகவும் இருக்கவேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும், நன்றி மறக்கக் கூடாது. அந்த டச்சு இளைஞர் கூட்டம் நிறவெறிக்கு எதிராக நமக்காகவும் தெருவில் நின்றது. 1990 ஜூன் 16-இல் மண்டேலா ஆம்ஸ்டர்டாமில் லைட்ஸெப்ளைன் சதுக்கத்தில் மாடத்திலிருந்து பேசினார், அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் பாரடைஸோ என்ற பழைய தேவாலயம். 1968-இலிருந்து அது இசை அரங்கு, லண்டன் பங்க் பேண்டான செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977 ஜனவரியில் வாசித்த இடம். இதெல்லாம் மகன் சொல்லித் தெரிந்ததுதான்.

டொங்காட்_பேஸ் எழுதியது:

பெரியப்பா, நேஷனல் வேக் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன், இன்றைக்கே கேட்கிறேன். ஆனால் எல்லாம் கேட்டபிறகு, கட்டிலும் இல்லை நாற்காலியும் இல்லை, தூரமும் ஜாஸ்தி, அப்போது மூடிவிட்டு வீட்டுக்குப் போ என்கிறீர்களா?

மாரிட்ஸ்பர்க்_டிரம்ஸ் எழுதியது:

மூடவேண்டாம். பெரியவர் சொன்ன தூரக் கணக்கு சரிதான், ஆனால் எல்லோரும் தி எக்ஸையே பேசுகிறீர்கள். அவர்கள் ஊர் ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் அரைமணிக்குள், அதைச் சின்ன ஊர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நிஜமான பட்டிக்காட்டு பேண்ட் வேண்டுமென்றால் ஹைடரோஸ்யஸ். லிம்பர்க் மாகாணத்தில் ஹோர்ஸ்ட் என்ற ஊர், காளான் பண்ணையும் ஆஸ்பராகஸ் வயலும்தான் சுற்றி. 1989-இல் பள்ளிக்கூடப் பையன்களாக ஆரம்பித்தார்கள். தி எக்ஸ் மாதிரி மூளையைக் கசக்கவேண்டியதில்லை, வேகம், ராகம், கிண்டல், கூட்டம் கூடவே பாடும். கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஆரம்பித்த அதே நாலு பேர் 2012-இல் விடைபெறும்வரை ஒருவரும் மாறவில்லை, சில வருடம் கழித்துத் திரும்பச் சேர்ந்தபோதும் அதே நாலு பேர். நம் ஊரில் ஒரு பேஸ் வாசிக்கிறவனை ஒரு வருடம் பிடித்துவைக்க முடியுமா?

அவர்கள் எப்படி வந்தார்கள் என்றால், அங்கே கொஞ்சம் பெரிய கிராமம் என்றாலே இளைஞர் மன்றம் ஒன்று இருக்கும், ஒரு மேடை, ஒரு பார், மலிவான பியர். ஊராட்சி கொஞ்சம் பணம் கொடுக்கும், வேலையெல்லாம் ஊர்ப் பையன்களே இலவசமாகச் செய்வார்கள், டிக்கெட் கிழிப்பது முதல் கக்கூஸ் கழுவுவது வரை. சனிக்கிழமை இந்த மன்றம், அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர் மன்றம், கொஞ்ச தூரத்தில் ஜெர்மனி எல்லை, இந்தப் பக்கம் பெல்ஜியம். இப்படி வாசித்து வாசித்துத்தான் பிங்க்பாப் மேடைக்குப் போனார்கள், அது 1970-இலிருந்து அவர்கள் மாகாணத்திலேயே நடக்கிற பெரிய இசை விழா. டச்சு, ஆங்கிலம், ஜெர்மன், அப்புறம் வீட்டில் பேசுகிற லிம்பர்க் வட்டார மொழி, எல்லாவற்றிலும் பாடினார்கள். பள்ளியில் நமக்குத் திணித்த, டச்சிலிருந்து வந்த ஆஃப்ரிகான்ஸ் மொழி இருக்கிறதே, அதை வைத்தே அவர்கள் டச்சுப் பாட்டில் பாதி எனக்குப் புரிகிறது, அந்த வகையில் அந்த வாத்தியாருக்கு ஒரு கும்பிடு. நீங்களும் காராஜில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பாடுங்கள், தமிழும் இங்கிலீஷும் கலந்து, ஸூலுவும் வந்தால் வரட்டும்.

நம்மிடம் இளைஞர் மன்றம் இல்லை, உண்மை. ஆனால் கோயில் ஹால் இல்லாத ஊர் உண்டா? கமிட்டிக்காரர்களிடம் சனிக்கிழமை மத்தியானம் கேட்டுப் பாருங்கள், ராத்திரி கேட்டால் கல்யாணத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

ஸாண்டாம்_அக்கா எழுதியது:

ஹைடரோஸ்யஸை எப்படி மறந்தேன், என் வீட்டுக்காரர் திட்டுவார். மன்றம் பற்றிச் சொன்னது அப்படியே உண்மை, தி எக்ஸும் அந்த மாதிரி இடங்களில் ஓயாமல் வாசித்தவர்கள்தான்.

தூரம் பற்றி ஒன்று. தி எக்ஸ் 2002-இல் எத்தியோப்பியாவுக்கே கிளம்பிப் போனார்கள். அங்கிருந்து கெட்டாச்சு மெக்குரியா என்ற வயதான சாக்ஸபோன் வித்வானை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்து, 2006-இல் அவரோடு மோவா அன்பெஸ்ஸா என்று ஒரு ஆல்பம். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது அவர், பின்னால் நின்று வாசித்தது இவர்கள். தம்பி அதிலிருந்து கேட்க ஆரம்பிக்கட்டும், பெரியவருக்கும் காது வலிக்காது என்று நினைக்கிறேன், நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த சாக்ஸபோன் புதுசாக இருக்காது.

லெனேசியா_பெரியவர் எழுதியது:

கேட்டேன். முதல் பாட்டு பரவாயில்லை. மகன் சத்தத்தை ஏற்றினான், வெளியே போய்விட்டேன்.

டொங்காட்_பேஸ் எழுதியது:

அக்கா, மோவா அன்பெஸ்ஸாவை நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம், டிரம்மர் வாயைத் திறந்துவிட்டான். இங்கே கோயில் கமிட்டியில் மாமா ஒருவர் இருக்கிறார், சனிக்கிழமை மத்தியானம் தரலாம், அஞ்சு மணிக்குள் காலி பண்ணவேண்டும், மேடையில் செருப்பு கூடாது என்கிறார். செருப்பில்லாமல் பங்க் வாசிக்கலாமா தெரியவில்லை, ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். எங்களிடம் இருபது நிமிடத்துக்குத்தான் பாட்டு இருக்கிறது. மாரிட்ஸ்பர்க் அண்ணே, நீங்களும் வந்து வாசிக்கிறீர்களா?

மாரிட்ஸ்பர்க்_டிரம்ஸ் எழுதியது:

வருகிறோம். பெட்ரோலுக்கு மட்டும் வாசலில் ஒரு டப்பா வையுங்கள், அடுத்த மாதம் நீங்கள் இங்கே வாருங்கள், அதே கணக்கு. இரண்டு பேரும் டிரம்ஸ் செட் தூக்கவேண்டாம், உங்கள் செட்டிலேயே அடித்துக்கொள்கிறேன், ஸ்னேரும் சிம்பலும் பெடலும் மட்டும் நான் எடுத்துவருகிறேன். பேஸ் ஆம்ப் எத்தனை வாட்ஸ் என்று சொல்லுங்கள்.